சூரசம்ஹாரம் இல்லாத ஊரில் ஐந்து சூப்பர்ஹீரோக்கள்

கந்தசஷ்டியின் ஆறாம் நாள், முருகன் குடியிருக்கும் ஊரெல்லாம் போர்க்களம். திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் தலையை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு வருவான், வேல் பாயும், கூட்டம் அரோகரா என்று அலறும். அறுபடை வீடுகளில் ஐந்தாவதான திருத்தணியில் மட்டும் அன்றைக்குச் சண்டை கிடையாது. கூடை கூடையாகப் பூவைக் கொட்டிப் புஷ்பாஞ்சலி செய்வார்கள், அவ்வளவுதான். சூரனோடு போட்ட சண்டை, பிறகு வள்ளிக்காக வேடர்களோடு போட்ட சண்டை, இரண்டின் கோபமும் ஆறி சுவாமி வந்து உட்கார்ந்த மலை இது என்கிறது தலபுராணம். கோபம் ஆறி உட்கார்ந்தவர் கையில் மறுபடி வேலைத் திணித்து, “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கேட்பது மரியாதை ஆகாது.

சினிமாக்காரர்கள் கணக்கில் இது கிளைமாக்ஸ் இல்லாத ஊர். ஆனால் சூப்பர்ஹீரோ கார்ட்டூன்களை ஒழுங்காகப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சண்டையில் வில்லன்தான் மாறுவான்: நின்றுகொண்டிருந்தவன் படுத்துக்கொண்டிருப்பான். ஹீரோ மாறுவது சண்டை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அதுவும் பெரும்பாலும் யாராவது அவரைப் பார்த்துச் சிரிக்கும்போது.

இதைத் திருத்தணியில் நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவர் ஓர் ஆயா. அவர் பிறந்தபோது ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் மதராஸ் மாநிலத்துக்கு வந்துவிட்டது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, எல்லாம் முடிந்து ஊர் கைமாறிய நாள் 1960 ஏப்ரல் 1. தேதியைப் பார்த்துவிட்டு யாரும் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம், நாடாளுமன்றம் சட்டமே போட்டது. ஆயாவின் பிறந்த வீடு மட்டும் நகரிப் பக்கம், எல்லைக்கு அந்தாண்ட. ஆகவே வீட்டில் இரண்டு மொழி. கணக்கு வழக்கும் திட்டும் தமிழில், கேலியும் கிண்டலும் தெலுங்கில்.

ஆயாவின் கார்ட்டூன் படிப்பு சுட்டி டிவியில் தொடங்கியது. 2007-இல் சன் குழுமம் தொடங்கிய அந்தச் சேனலில் தமிழ் பேசிய ஜாக்கி சானை இன்றைக்கு முப்பது வயதை நெருங்கும் யாரும் மறந்திருக்க முடியாது. பேரனுக்காகப் போட்ட டிவி, பேரன் டியூஷன் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஜாக்கி சான் தொடரில் வரும் மாமா, உலகத்தையே விழுங்க வரும் பேயை ஓட்டும்போது ஒரு கையில் காய்ந்த மீனைப் பிடித்துக்கொண்டு மந்திரம் சொல்வார். “கருவாட்டை வச்சி மந்திரம் போட்டா பேய் ஓடாம இன்னா பண்ணும்?” என்பது ஆயாவின் முதல் விமரிசனம்.

பேரன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். மடிக்கணினியில் பழைய தொடர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்: ‘டீன் டைட்டன்ஸ்’. 2003 முதல் 2006 வரை அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது, ஐந்து பருவங்கள், 65 அத்தியாயங்கள். வசனம் ஆங்கிலம். ஆயாவோ பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பேரன் அங்கேயே நேரடி ஒலிச்சேர்க்கை செய்ய ஆரம்பித்தான். ஐந்து பேருக்கும் ஒரே தொண்டை.

ஐந்து பேரைப் பற்றி இரண்டு வரி. ராபின் தலைவன், சிரிக்க நேரமில்லாதவன். சைபார்க் பாதி மனிதன், பாதி இயந்திரம். பீஸ்ட் பாய் பச்சை நிறப் பையன், நினைத்த விலங்காக மாறுவான், நினைக்காத நேரத்தில் ஜோக் அடிப்பான். ஸ்டார்ஃபயர் வேற்றுக்கிரகத்து இளவரசி, எதைப் பார்த்தாலும் ஆச்சரியம். ரேவன் நீல அங்கி போட்ட மந்திரக்காரி, எதைப் பார்த்தாலும் அலுப்பு. காமிக்ஸில் இந்தக் கூட்டணியை 1980-இல் உருவாக்கியவர்கள் மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரஸும்.

“நம்ம வீரபாகு செட்டு மாரி” என்றார் ஆயா.

அந்த ஒப்பீடு தப்பில்லை. கந்தபுராணத்தில் உமையின் சிலம்பிலிருந்து சிதறிய நவமணிகளில் ஒன்பது சக்திகள் தோன்ற, அவர்கள் பெற்ற பிள்ளைகள் நவவீரர்கள். சிலந்தி கடித்துச் சக்தி வந்தது என்கிற மூலக்கதையைவிட இது எந்த விதத்தில் குறைச்சல்? ஆனால் ஒன்பது பேரில் ஆயாவுக்கு நினைவிருப்பது வீரபாகு ஒருவர்தான். அவர்தான் சூரபத்மன் சபைக்குத் தூது போனவர். அங்கே உட்கார நாற்காலி தரமாட்டார்கள் என்று தெரிந்து, முருகன் அருளால் சிங்காசனமே தானாக வந்து நின்றது. பகைவன் வீட்டில் சொந்த நாற்காலி போட்டு உட்கார்ந்தவரை யார் மறப்பார்கள்? மற்ற எட்டுப் பேரும் வீரர்கள்தான், ஆனால் வீரகேசரி என்றால் இலங்கைக்காரருக்குப் பத்திரிகை நினைவுக்கு வருகிறது, நம்மவர்களுக்கு ரவையும் நெய்யும். வீரம் மட்டும் இருந்தால் பெயர் பட்டியலில் நிற்கும், மனத்தில் நிற்பதற்கு ஒரு வேடிக்கை வேண்டும்.

ஆயா கீரையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்த அத்தியாயம், முதல் பருவத்தில் வரும் ‘ஸ்விட்ச்டு’. பொம்மலாட்ட ராஜா என்ற வில்லன் ஐந்து பேருக்கும் அவரவர் ஜாடையில் மரப்பொம்மைகளை அனுப்புகிறான். அழகான பரிசு என்று வாங்கி வைக்கிறார்கள். ராத்திரி மூன்று பையன்களின் உயிரும் பொம்மைக்குள் போய்விடுகிறது. ரேவனும் ஸ்டார்ஃபயரும் மட்டும் தப்பிக்கிறார்கள், ஒரு சின்னக் குளறுபடியோடு: மந்திரம் பாதியில் இடறி, இவள் உடம்பில் அவள், அவள் உடம்பில் இவள்.

கூடு விட்டுக் கூடு பாய்வது விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதில்லை. புதிது அதற்குப் பிறகு வருவது. ஸ்டார்ஃபயர் பறக்க வேண்டுமென்றால் மனத்தில் மகிழ்ச்சி பொங்க வேண்டும். அந்த உடம்பில் மாட்டிக்கொண்ட ரேவனுக்கோ பொங்கலன்றும் மனம் பொங்காது. எம்பி எம்பிப் பார்க்கிறாள், ஓர் அங்குலம் கிளம்பவில்லை. ரேவனின் சக்தி வேலை செய்ய வேண்டுமென்றால் மனம் அடங்கியிருக்க வேண்டும். அதில் மாட்டிக்கொண்ட ஸ்டார்ஃபயருக்கோ அடங்குவது என்றாலே என்னவென்று தெரியாது. அவள் பதறினால் சுற்றியுள்ள பொருள்கள் வெடிக்கின்றன. வெடித்தால் இன்னும் பதறுகிறாள்.

வில்லன் துரத்திக்கொண்டு வருகிறான். இரண்டு பேரும் ஓரிடத்தில் ஒளிந்து உட்கார்ந்து, ஒருத்தியைப் பற்றி ஒருத்தி முதல் தடவையாக விசாரித்துக்கொள்கிறார்கள். எங்கே பிறந்தாய், எப்படி வளர்ந்தாய், ஏன் இப்படி இருக்கிறாய். ஒரே கூரையின் கீழே குடியிருந்துகொண்டு இத்தனை நாள் கேட்காத கேள்விகள். அதற்குப் பிறகுதான் பறக்க முடிகிறது, அடிக்க முடிகிறது. வில்லனை ஜெயிப்பதற்குச் சில நிமிடங்கள் போதுமாக இருக்கிறது. அத்தியாயத்தின் உயிர் அந்த விசாரணைதான்.

“மாமியார் மருமவளுக்கு இப்படி ஒரு வாட்டி மாத்தி வுட்டா எவ்ளோ நல்லாருக்கும்” என்று ஆயா சொன்னது சமையல்கட்டுவரை கேட்டது. சமையல்கட்டிலிருந்து பதில் வரவில்லை, ஒரு பாத்திரம் மட்டும் கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது.

தொடரில் இன்னொரு நுட்பம் உண்டு. தலைப்புப் பாட்டைப் பாடியது பஃபி அமியுமி என்ற ஜப்பானியப் பெண்கள் இருவர். அவர்கள் அதை ஆங்கிலத்தில் ஒருமுறை, ஜப்பானிய மொழியில் ஒருமுறை பாடியிருக்கிறார்கள். ஆங்கிலப் பாட்டு வந்தால் அன்றைக்குக் கதை பெரும்பாலும் கனமானது. ஜப்பானியப் பாட்டு வந்தால் கூத்து. ரசிகர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டு, பாட்டைக் கேட்டதுமே சிரிக்கத் தயாராக உட்கார்வார்கள். பேரன் இதைப் பெரிய ரகசியமாகச் சொன்னான். மொழி மாறினால் மனநிலையும் மாறும் என்பது அந்த வீட்டில் ரகசியமே இல்லை. ஆயா “ஏமிரா” என்று தொடங்கினால் கேலி வருகிறது, “இன்னாடா” என்று தொடங்கினால் ஓடிவிட வேண்டும்.

ஜோக் எப்படி வளர்ச்சியாக மாறுகிறது என்பதற்குத் தொடரிலேயே நல்ல உதாரணம் டாக்டர் லைட் என்ற வில்லன் கதை. ‘நெவர்மோர்’ அத்தியாயத்தில் இவர் வம்பு செய்ய வருகிறார். அடக்கி அடக்கி வைத்திருந்த ரேவனின் கோபம் கட்டுமீறுகிறது. கண்கள் நான்காகின்றன, அவளுடைய அங்கியின் இருட்டு அவரைக் காலைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. நண்பர்களே பயந்துபோகிறார்கள். பீஸ்ட் பாயும் சைபார்க்கும் சமாதானம் பேச அவள் அறைக்குப் போய், தொடக்கூடாத கண்ணாடியைத் தொட்டு, அவள் மனத்துக்குள்ளேயே விழுந்துவிடுகிறார்கள். உள்ளே ஒரு ரேவன் இல்லை, பல. இளஞ்சிவப்பு அங்கிக்காரி விழுந்து விழுந்து சிரிக்கிறாள், அதுவும் பீஸ்ட் பாயின் ஜோக்குகளுக்கு. சாம்பல் நிறத்தவள் எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிறாள். பச்சை அங்கிக்காரி சண்டைக்கு நிற்கிறாள். சிவப்புதான் கோபம். கடைசியில் மற்ற நிறத்தவர்கள் எல்லாம் ஒன்றுகூடி வெள்ளை அங்கியில் ஒரே ரேவனாக நின்று அந்தக் கோபத்தை அடக்குகிறார்கள்.

இதோடு நின்றிருந்தால் நல்ல கதை. ஆனால் இரண்டு பருவங்கள் தாண்டி, 2005-இல் வந்த ‘பர்த்மார்க்’ அத்தியாயத்தில் அதே டாக்டர் லைட் மறுபடி வருகிறார். ஆர்ப்பாட்டமாகச் சண்டை போடுகிறார். ரேவன் பக்கத்தில் வந்து, என்னை நினைவிருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். மனிதர் அப்படியே வெளிறிப்போய், என்னைச் சிறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறார்.

இதற்குச் சிரிக்காதவர் குறைவு. ஆனால் இந்தச் சிரிப்பை வாங்குவதற்கு அந்தப் பெண் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று பாருங்கள். முதல் தடவை கோபம் அவளை ஆட்டிவைத்தது. இரண்டாவது தடவை அந்தப் பழைய கோபத்தின் பெயரைச் சொல்லியே, ஒரு விரலும் படாமல், வேலையை முடித்துவிட்டாள். இங்கே முருகன் மலைக்கு மேலே காரிலும் போகலாம், படியேறியும் போகலாம். திருத்தணியில் படிகள் 365, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31 படித் திருவிழாவில் ஒவ்வொரு படியிலும் நின்று பாடிவிட்டுத்தான் அடுத்த படி. ரேவனின் கதையும் அப்படி ஏறிய கதை, காரில் போன கதை இல்லை.

பேரன் இந்த ஜோக்கை ஒலிச்சேர்க்கை செய்தபோது ஆயா ஒன்றும் பேசாமல் மலைப்பக்கம் கையைக் காட்டினார். கோபக்காரர் கோபத்தை அடக்கி உட்கார்ந்தால் அதற்கு இருக்கிற மரியாதையை அந்த ஊரில் விளக்கத் தேவையில்லை.

மனம் மாறிய வில்லன்களுக்கு வருவோம். ஜாக்கி சான் தொடரில் டோரு என்றொரு மலை போன்ற ஆள். முதலில் வில்லன் கூட்டத்தின் அடியாள். பிறகு ஜாக்கியின் பக்கம் வந்து, கருவாட்டு மாமாவுக்கே சீடனாகிறான். கதவில் நுழைய முடியாத உடம்பை வைத்துக்கொண்டு, மாமாவின் கடையில் பணிவாக எடுபிடி வேலை செய்வான். தொடரின் நல்ல சிரிப்புகள் அங்கேதான். இந்த வழியில் நம் முருகன்தான் முன்னோடி. மாமரமாக நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளக்க, ஒரு பாதி மயிலாகி வாகனமானது, இன்னொரு பாதி சேவலாகிக் கொடியேறியது. நேற்றுவரை எதிரியாக இருந்தவனுக்கு அடுத்த நாளே பதவியும் வாகனப் பொறுப்பும் தருவதற்குப் பெரிய மனது வேண்டும், கொஞ்சம் குறும்பும் வேண்டும்.

அடிக்காமல் ஜெயிப்பதில் ஒரு படி மேலே போன அத்தியாயம், 2006-இல் வந்த ‘ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்’ தொடரின் ‘ஃப்ளாஷ் அண்ட் சப்ஸ்டன்ஸ்’. ஃப்ளாஷுக்கு ஊர்க்காரர்கள் அருங்காட்சியகம் திறக்கிறார்கள். பழைய வில்லன்கள் சேர்ந்து அவரைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுகிறார்கள். விருந்தாளிகளாக வந்திருக்கும் பேட்மேனும் ஓரியனும் துப்புக் கேட்க ட்ரிக்ஸ்டர் என்ற வில்லனைப் பிடிக்கிறார்கள். ஓரியனுக்குத் தெரிந்த விசாரணை முறை ஒன்றுதான், கழுத்தைப் பிடிப்பது. ஃப்ளாஷ் அவரை நகர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாயா என்று நண்பனைப் போலக் கேட்கிறார். மருத்துவமனைக்கு வந்து பார்க்கிறேன், விளையாடலாம் என்கிறார். அந்த ஆள் எல்லா விஷயத்தையும் சொல்லிவிட்டுத் தானாகவே சரணடையச் சம்மதிக்கிறான். கூட்டணியில் கோமாளி என்று பெயர் வாங்கியவர்தான் அங்கே எல்லோரையும்விடப் பெரிய மனிதர் என்பது ஓரியனுக்கு அப்போதுதான் உறைக்கிறது, பார்ப்பவர்களுக்கும்.

எல்லாத் தொடரும் வளர்ந்தே தீர வேண்டும் என்று சட்டமில்லை. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் 2008-இல் போகோவில் விட்ட சோட்டா பீமைப் பாருங்கள். இத்தனை வருஷமாக டோலக்பூரில் அதே லட்டு, அதே பலம். காளியா அதே பொறாமையோடு அதே குழியில் விழுகிறான். அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்போது கல்யாண வயது, சுட்கிக்கு மட்டும் வயதே ஆகவில்லை. டீன் டைட்டன்ஸுக்கே இப்படி ஒரு மறுபிறவி உண்டு. 2013-இல் வந்த ‘டீன் டைட்டன்ஸ் கோ!’வில் அதே ஐந்து பேர், அவர்களுக்குக் குரல் கொடுத்த அதே ஐந்து நடிகர்கள். ஆனால் இந்தத் தடவை யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். அத்தியாயம் சுமார் 11 நிமிடம், முடிந்ததும் எல்லாம் பழையபடி. பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஆயா இரண்டையும் பார்த்துவிட்டு, “இது நல்லா சிரிப்பா கீது. ஆனா நாளிக்கி ஞாபகம் இருக்காது” என்றார். ரேவனின் ஒற்றைக் கேள்விக்குச் சிரிப்பு வருவது, ‘நெவர்மோர்’ நமக்கு நினைவிருப்பதால். நினைவே வைத்துக்கொள்ளாத தொடரில் அந்த ஜோக்கைச் சொல்லவே முடியாது.

இந்த அளவுகோலை வைத்து, திருத்தணியிலிருந்து அதிக தூரமில்லாத காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் அரங்கேற்றிய கந்தபுராணத்தைப் பார்த்தால், அவருக்கு ஒரு தொடரை எப்படி முடிப்பது என்று தெரிந்திருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பிறப்பு, படை, தூது, போர், சம்ஹாரம், தெய்வயானை கல்யாணம் எல்லாம் முடிகின்றன. கடைசிப் படலம் என்ன? வள்ளி திருமணம். சூரனையே பிளந்தவர், தினைப்புனத்தில் பரண் மேல் நிற்கும் ஒரு பெண்ணிடம் படும் பாடு.

முதலில் வேடனாக வருகிறார். அப்பா நம்பிராஜன் வருகிற சத்தம் கேட்டதும் வேங்கை மரமாகிவிடுகிறார். தேவர்களைச் சிறைமீட்ட சேனாதிபதி, வருங்கால மாமனாரைக் கண்டு மரமாகி நிற்கிறார்! கூட வந்த வேடர்கள், நேற்று இல்லாத மரம் இன்று எப்படி வந்தது, வெட்டுவோம் என்கிறார்கள். மாமனார்தான் தடுத்து உயிர்ப்பிச்சை கொடுக்கிறார். அடுத்து கிழவர் வேடம். பசி என்கிறார், தேனும் தினைமாவும் கிடைக்கின்றன. தாகம் என்கிறார், சுனைக்குக் கூட்டிப்போகிறாள். மேடை நாடகத்தில் இந்த இடத்தில் ஒரு விக்கல் சேரும், நல்ல நடிகர் கையில் அந்த விக்கல் அரை மணி நேரம் ஓடும். தாகம் தீர்ந்ததும் கிழவர் கல்யாணப் பேச்சை எடுக்க, வள்ளி சீறுகிறாள். வேறு வழியில்லாமல் அண்ணனைக் கூப்பிடுகிறார். யானையாக வருகிறார் விநாயகர். பயந்துபோன பெண் கிழவரைக் கட்டிக்கொள்கிறாள். உதவிக்கு வந்த கதாபாத்திரம் சரியான நேரத்தில் நுழைந்து காரியத்தை முடித்து வெளியேறுவதற்கு இதைவிட நல்ல பாடம் திரைக்கதை வகுப்பிலும் கிடைக்காது.

வேல், சேனை, பன்னிரண்டு கை எதுவும் அங்கே உதவவில்லை. தன்னைக் கேலிப்பொருளாக்கிக்கொள்ளத் துணிந்த பிறகுதான் கதை நகர்கிறது. கச்சியப்பர் அந்தக் கல்யாணத்தை முடித்துவிட்டு, இருவரையும் தணிகை மலைக்கு அழைத்துவருகிறார். சண்டை ஓய்ந்து அவர் உட்கார்ந்த இடம் இது.

நவவீரர்களை வைத்து என்றைக்காவது யாராவது ஓர் அனிமேஷன் தொடர் எடுக்கத்தான் போகிறார்கள். அவர்களுக்கு ஆயாவின் சார்பில் சில வேண்டுகோள்கள். ஒன்பது பேருக்கும் ஒரே மீசையைப் போட்டு நிறுத்தாதீர்கள். ஆளுக்கொரு குறை கொடுங்கள்: ஒருவர் கூச்சக்காரர், ஒருவர் முன்கோபி, ஒருவர் ஜோக் சொல்ல வராது என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டே இருப்பவர். சம்ஹாரத்தைத் தொடரின் கடைசி அத்தியாயமாக வைத்து முடித்துவிடாதீர்கள், வேங்கை மரமும் விக்கலும் யானையும் அதற்குப் பிறகு வரட்டும். தெலுங்கு ஒலித்தடம் ஒன்றும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் சிரிப்பு அந்த மொழியில்தான் நடக்கிறது.